சந்தேகப்பட்டவர்களுக்கு ஒரு விருது

பணஜி நகரில், மாண்டவி ஆற்றை ஒட்டிய பழைய தலைமைச் செயலகத்தின் அருகே ஒரு சிலை இருக்கிறது. நீண்ட அங்கி அணிந்த பாதிரியார் ஒருவர் சரிந்து விழும் பெண்ணொருத்தியின் மேல் இரு கைகளையும் விரித்தபடி நிற்கிறார். கோவாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அதன் முன்னால் நின்று அதே போலக் கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொள்வதுண்டு. பாதிரியாரின் பெயர் அபே ஃபாரியா. 1756இல் காண்டோலிமில் பிறந்து, லிஸ்பனுக்கும் ரோமுக்கும் போய் இறையியல் படித்து, பாரிஸில் 1819இல் மறைந்தவர். அலெக்ஸாந்தர் தூமாவின் மாண்டே கிறிஸ்டோ நாவலில் சிறைக்குள் சுரங்கம் தோண்டும் முதியவருக்கு அந்தப் பெயர் வந்தது இவரிடமிருந்துதான். சிலை 1945இல் ராமச்சந்திர பாண்டுரங்க காமத் வடித்தது. வேலைப்பாட்டில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஃபாரியா வாழ்நாள் முழுக்க எதை மறுத்தாரோ அதையே அந்தச் சிலை அவர்மேல் ஏற்றிவைத்திருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

அவர் காலத்து பாரிஸில், கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத் திரவம் வல்லவரின் கையிலிருந்து நோயாளியின் உடலுக்குள் பாய்கிறது என்று மெஸ்மரின் சீடர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியேவும் இடம்பெற்ற அரச விசாரணைக் குழு, அப்படி ஒரு திரவமே இல்லை, எல்லாம் கற்பனையின் விளைவு என்று 1784இலேயே அறிக்கை கொடுத்திருந்தது. எனினும் கையசைப்பவர்களுக்கு மவுசு குறையவில்லை. 1813இல் தொடங்கிய தன் பொதுச் செயல்விளக்கங்களில் ஃபாரியா சொன்னது வேறு. துயிலின் காரணம் துயில்பவரிடத்தில்தான் இருக்கிறது. துயிலவைப்பவரிடம் தனிச் சக்தி ஏதுமில்லை. கையசைப்பை விட்டுவிட்டு "உறங்குங்கள்" என்று ஒரு சொல் மட்டும் சொல்வார். நாடக மேடையில் அவரைக் கேலி செய்தார்கள். அவர் இறந்த ஆண்டில்தான் புத்தகம் அச்சேறியது. நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து அவருக்குச் சிலை வைத்தபோது கைகளை விரித்து, விரல்களிலிருந்து சக்தி பாய்வது போலவே செய்து வைத்தார்கள்.

கௌரவிப்பது என்பது இப்படியும் முடிந்துவிடலாம். வாழ்நாள் சாதனை விருது என்றாலே இலக்கிய வாசகர்களுக்குச் சற்றுக் கசப்பு உண்டு. காலம் தாழ்ந்து வரும், வந்தாலும் தவறான நூலுக்காக வரும். ஹிப்னாடிசத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. அந்தத் துறையில் சாதனை என்று எதைச் சொல்வது? பார்வையாளரை மலைக்க வைப்பவரைச் சாதனையாளர் என்றால் விருது மேடை வித்தைக்காரனுக்குத்தான் போகும். இந்தத் துறையில் வாழ்நாள் கௌரவத்துக்கு உரியவர்கள் தங்கள் சக்தியைத் தாங்களே சந்தேகித்து, அதன் எல்லையைச் சுருக்கிக் காட்டியவர்கள் என்று நாங்கள் கருதுகிறோம். எர்னஸ்ட் ஹில்கார்ட், மார்ட்டின் ஆர்ன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களை முன்வைத்து இதைச் சொல்ல முயல்கிறோம். இரண்டாமவர் பெயரில் ஒரு களங்கமும் உண்டு. அதைக் குறித்து எங்கள் குழுவுக்குள்ளேயே உடன்பாடு இல்லை.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஹிப்னாஸ்' என்றால் கிரேக்கத்தில் உறக்கம். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843இல் வெளியிட்ட நூலின் வழியே ஹிப்னாடிசம் என்ற பெயர் நிலைத்தது. அது உறக்கமே இல்லை என்று சில ஆண்டுகளில் உணர்ந்து பெயரை மாற்றப் பார்த்தார்; முடியவில்லை. தமிழில் அறிதுயில் என்கிறோம். பாம்பணையில் திருமால் கொள்ளும், எல்லாம் அறிந்தபடியேயான துயிலுக்கு நம்மவர்கள் வைத்த பழைய பெயர். அதை எடுத்து இதற்குப் பொருத்தியவர் யாராயினும் பிரெய்டைவிட நன்றாகப் பெயர் வைத்துவிட்டார். 'மனோவசியம்' என்ற இன்னொரு சொல்லோ பணஜிச் சிலையின் கட்சி.

அமெரிக்காவில் 1949இல் இத்துறைக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயரிலேயே மருத்துவமும் பரிசோதனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மருத்துவருக்கு நோயாளியின் வலி குறைந்தால் போதும். பரிசோதனையாளருக்கோ அது எதனால் குறைந்தது, வேறெதைச் செய்திருந்தாலும் குறைந்திருக்காதா என்ற அரிப்பு. இந்த இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பது எளிதல்ல. மருத்துவப் பக்கத்தின் பெரும் பெயரான மில்டன் எரிக்சனின் நோயாளிக் கதைகளைச் சிறுகதைகளைப் போலவே படிக்கலாம், அவ்வளவு நயம். ஆனால் அவற்றில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சொல்லப்பட்ட விதம் என்று பிரித்தறிய வழியில்லை. அவரைக் குருவாகக் கொண்டவர்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றுவதுமில்லை.

ஹில்கார்ட் (1904–2001) இத்துறைக்கு வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். கற்றல் கோட்பாடுகளில் பெயர் பெற்றவர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர், பல தலைமுறை மாணவர்கள் படித்த அறிமுகப் பாடநூலின் ஆசிரியர். அப்படிப்பட்டவர் 1957 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில், மதிப்பான பேராசிரியர்கள் ஒதுங்கிப் போகும் ஒரு பொருளுக்காக ஆய்வகம் தொடங்கினார். மனநல மருத்துவரான மனைவி ஜோசஃபைன் உடன் இருந்தார். ஆந்த்ரே வைட்சென்ஹோஃபருடன் சேர்ந்து ஹில்கார்ட் முதலில் செய்தது ஓர் அளவுகோல். 1959இல் முதல் வடிவங்கள், 1962இல் இன்னொன்று. மொத்தம் 12 சோதனைகள். கையில் கனமான பொருள் இருப்பதாகச் சொன்னால் கை தாழ்கிறதா? கொசு ரீங்காரமிடுகிறது என்றால் விரட்டுகிறாரா? மூக்கின் அருகே அம்மோனியாவை நீட்டினால் நெடி தெரியவில்லை என்கிறாரா? மேசைமேல் இருக்கும் மூன்று பெட்டிகளில் இரண்டை மட்டும் காண்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

இது கவர்ச்சியற்ற வேலை. கண்களில் ஒளி, குரலில் கம்பீரம் எதுவும் தேவையில்லை. அச்சிட்ட ஏட்டிலிருந்து எல்லோருக்கும் அதே வாசகங்களைப் படிக்க வேண்டும். பயிற்சி பெற்ற எந்த மாணவரும் படிக்கலாம். யார் படித்தாலும் ஒருவர் பெறும் மதிப்பெண் பெரிதாக மாறுவதில்லை. பெரும்பாலோர் நடுவில், மிகச் சிலர் இரு முனைகளிலும். மாணவப் பருவத்தில் சோதிக்கப்பட்ட 50 பேரை 25 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்து, 1989இல் முடிவை வெளியிட்டார்கள். மேலே இருந்தவர்கள் மேலேயும் கீழே இருந்தவர்கள் கீழேயும் பெரும்பாலும் அப்படியே இருந்தார்கள். அதாவது அந்தத் திறன் துயில்பவருடையது. ஃபாரியா சொன்னதை எண்ணிக்கையில் நிறுவ 140 ஆண்டுகள் ஆயின.

ஹில்கார்டின் பேர்போன கண்டுபிடிப்பு தற்செயலானது. வகுப்பில் செயல்விளக்கம். பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு அறிதுயிலில் 'செவிடு' என்று கருத்தேற்றம் செய்திருந்தார். காதருகே பேரொலி எழுப்பினாலும் அசைவில்லை. அவருக்குள் ஏதேனும் ஒரு பகுதி கேட்டுக்கொண்டிருக்குமோ என்று ஒரு மாணவர் ஐயப்பட, அப்படி ஒரு பகுதி இருந்தால் சுட்டுவிரல் உயரட்டும் என்று ஹில்கார்ட் மெல்லிய குரலில் சொன்னார். விரல் உயர்ந்தது. உடனே அந்த மாணவர், தன் விரல் ஏன் உயர்ந்தது என்று தனக்குத் தெரியவேண்டும், தன்னைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்! பின்னர் பனிநீரில் கையை வைத்துக்கொண்டு வலியில்லை என்று வாய் சொல்ல, இன்னொரு கை வலிக்கிறது என்று எழுதிய சோதனைகளும் நடந்தன. 'மறைந்திருக்கும் பார்வையாளர்' என்று அதற்குப் பெயர் வைத்தார். சொல்லப்படும் அறிவுரையை மாற்றினால் மறைந்திருப்பவரின் சாட்சியும் மாறுகிறது, ஆகவே அவரும் ஆய்வாளர் படைத்த பாத்திரமே என்று நிக்கலஸ் ஸ்பானோஸ் பின்னர் வாதிட்டார். அந்த விவாதத்தில் எங்களுக்கு ஸ்பானோஸின் பக்கம் வலுவாகத் தெரிகிறது. ஆனால் விவாதிக்க முடிகிற விதத்தில் தன் கருத்தை மேசைமேல் வைத்தது ஹில்கார்டின் பெருமை. எரிக்சனுடன் இப்படி மல்லுக்கு நிற்க வழியே இல்லையே.

ஜோசஃபைனின் பங்கு இதழ் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். அறிதுயிலுக்கு எளிதில் ஆட்படுபவர்கள் யார் என்று மாணவர்களிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தி 1970இல் ஒரு நூல் எழுதினார். நாவலில் தலைகால் தெரியாமல் மூழ்கிப் போகிறவர்கள், நாடகத்திலும் இசையிலும் இயற்கைக் காட்சியிலும் தன்னை மறக்கிறவர்கள் அவர்களில் கூடுதலாக இருந்தார்கள். (இந்தத் தொடர்பு நினைத்த அளவு வலுவானதல்ல என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இந்த மூழ்குதலை ஹிப்னாடிசத்தோடு சேர்த்து அளந்தால் தெரிகிறது, தனியே அளந்தால் மங்கிவிடுகிறது.) கணவரின் பெயருக்குப் பின்னால் நின்றுபோன இவருக்குத் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

மருத்துவப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வங்காளத்தின் ஹூக்ளியில் 1845 முதல் ஜேம்ஸ் எஸ்டெய்ல் மயக்கமருந்து இல்லாத அக்காலத்தில் மெஸ்மெரிச முறையால் பெரும் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். இருட்டறையில் மணிக்கணக்கில் நோயாளியின்மேல் கைகளை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய இந்திய உதவியாளர்கள். புகழ் அவருக்குப் போனது. 1846இல் ஈதர், அடுத்த ஆண்டு குளோரோஃபார்ம் என்று வந்ததும் அந்த அத்தியாயம் மூடிற்று. நம் காலத்தில், மற்றச் சிகிச்சைகளுக்கு மசியாத குடல் எரிச்சல் நோயாளிகள் 30 பேரிடம் பீட்டர் ஹோர்வெல் மான்செஸ்டரில் நடத்திய ஒப்பீட்டுச் சோதனை 1984இல் வந்தது. மார்பக அறுவைக்கு முன் 15 நிமிட அறிதுயில் கொடுத்தால் வலியும் குமட்டலும் குறைவதை 200 பெண்களிடம் காட்டிய ஆய்வு 2007இல் வந்தது. எல்லாம் அளவோடு சொல்லப்பட்டவை.

இனி ஆர்ன். 1927இல் வியன்னாவில் பிறந்து 2000இல் அமெரிக்காவில் மறைந்த மார்ட்டின் ஆர்ன் ஒரே கேள்வியை வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்: இவர் இதைச் செய்வது அறிதுயிலாலா, அல்லது செய்யவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதை உணர்ந்துகொண்டதாலா?

மாணவர்களிடம் 2000 தாள்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் 224 கூட்டல் கணக்குகள். ஒரு தாளை முடித்ததும் அதைக் குறைந்தது 32 துண்டுகளாகக் கிழித்துப்போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். யாருடைய மனமும் வசியப்படுத்தப்படவில்லை. யாரும் விட்டுவிட்டுப் போகவுமில்லை. மணிக்கணக்கில் கணக்குப் போட்டுக் கிழித்துக்கொண்டே இருந்தார்கள். ஆய்வுக்கு என்று சொன்னாலே மனிதர்கள் எதையும் செய்வார்கள் என்ற இந்தப் பாடம், 1962இல் அவர் எழுதிய கட்டுரையின் வழியே உளவியல் முழுவதையும் உலுக்கியது. ஹிப்னாடிசத்தில் அவர் கையாண்ட உத்தி, நடிப்பவர்களைக் கலந்துவிடுவது. ஆட்படாதவர்களிடம், ஆட்பட்டது போல நடியுங்கள் என்று சொல்லி அனுப்புவார். யார் உண்மை, யார் நடிப்பு என்பது துயிலவைப்பவருக்குத் தெரியாது. 1965இல் ஃப்ரெடரிக் எவன்ஸுடன் நடத்திய சோதனையில், நச்சுப் பாம்பைப் பிடிக்கவும், அமிலத்துக்குள் கைவிட்டுக் காசை எடுக்கவும், அமிலத்தை இன்னொருவர் முகத்தில் வீசவும் கட்டளையிட்டார்கள். (பாதுகாப்பு ஏற்பாடுகள் மறைவாக இருந்தன.) அறிதுயிலில் இருந்த 6 பேரில் 5 பேர் செய்தார்கள். ஹிப்னாடிசத்தின் கொடூரச் சக்திக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் நடித்தவர்களில் 6 பேருமே செய்திருந்தார்கள்.

அவரை வெறும் உடைப்பாளர் என்றும் சொல்லிவிட முடியாது. எதிரே நாற்காலியில் நண்பர் உட்கார்ந்திருப்பதாகக் கருத்தேற்றம் செய்துவிட்டு, பின்னால் நிற்கும் உண்மை நண்பரைக் காட்டி இவர் யார் என்று கேட்பார். நடிப்பவர்கள் தர்க்கம் குலையாமல் தப்பித்துக்கொள்வார்கள். உண்மையில் ஆட்பட்டவர்களில் சிலர் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு, முரண்பாடு உறுத்தாமலே இருப்பார்கள். தன் சந்தேகத்தின் சல்லடையில் தங்கிய இந்தச் சிறு மீதியை அவர் மதித்தார்.

இதையெல்லாம் ஆய்வகத்துக்குள் வைத்திருந்தால் ஆர்ன் ஒரு நல்ல விஞ்ஞானி, அவ்வளவே. அக்காலத்து அமெரிக்காவில் காவல்துறை சாட்சிகளை அறிதுயிலில் ஆழ்த்தி மறந்ததை 'மீட்டுக்கொண்டு' வந்தது. மீட்கப்பட்ட நினைவு உறுதியாகும், ஆனால் உண்மையாகாது என்று ஆர்ன் சாட்சிக் கூண்டிலேறிச் சொன்னார். கேட்பவரின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு மனம் இட்டு நிரப்பியதை, நடந்ததாகவே சாட்சி நம்பிவிடுவார். பிறகு எந்தக் குறுக்கு விசாரணையாலும் அவரை அசைக்க முடியாது. அவர் வகுத்த பாதுகாப்பு விதிகளை நியூ ஜெர்சி நீதிமன்றம் 1981இல் ஏற்றது. அவர் முன்னின்ற அமெரிக்க மருத்துவச் சங்கக் குழுவின் அறிக்கை 1985இல் வந்தது. டெக்சஸ் மாநிலம் இத்தகைய சாட்சியத்தைக் குற்ற வழக்குகளில் சட்டம் போட்டுத் தடுத்தது 2023இல்தான். 1979இல், தொடர்கொலைக் குற்றச்சாட்டில் சிக்கிய கென்னத் பியாங்கி தனக்குள் இன்னோர் ஆள் இருப்பதாக அறிதுயிலில் காட்டியபோது, வெறும் இரண்டு ஆளுமைகள் மட்டும் இருப்பது அபூர்வமாயிற்றே என்று ஆர்ன் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். விரைவிலேயே மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தான்.

ஹிப்னாடிச ஆய்வேடு ஒன்றைச் சுமார் 30 ஆண்டுகள் ஆசிரியராக நடத்தியவர், தன் துறையின் மிகப் பெரிய விற்பனைச் சரக்கைத் தானே சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தார். இதைவிட உயர்ந்த வாழ்நாள் சாதனை எங்களுக்குத் தெரியவில்லை.

களங்கத்துக்கு வருவோம். கவிஞர் ஆன் செக்ஸ்டனுக்கு 1956 முதல் எட்டாண்டு மனநல மருத்துவராக இருந்தவர் ஆர்ன். கவிதை எழுதச் சொல்லி ஊக்கியவரும் அவரே. இல்லாவிட்டால் 1967இன் புலிட்சர் பரிசும் இல்லை, நாம் வாசிக்கும் செக்ஸ்டனும் இல்லை. செக்ஸ்டன் தானாகவே மயக்கநிலைக்குள் நழுவிவிடுவார், அமர்வில் பேசியது அவருக்கு நினைவிருக்காது. ஆகவே 1961 முதல் ஆர்ன் அமர்வுகளை ஒலிநாடாவில் பதிந்தார். செக்ஸ்டன் அடுத்த முறை வந்து அதைக் கேட்டுக் குறிப்பெடுப்பார். சுமார் 300 மணி நேரப் பதிவு. 1974இல் செக்ஸ்டன் தற்கொலை செய்துகொண்டார். டயான் மிடில்புரூக் எழுதிய வாழ்க்கை வரலாறு 1991இல் வந்தபோது, ஆர்ன் அந்த நாடாக்களை அவருக்குக் கொடுத்திருந்தது தெரியவந்தது. நூலுக்கு முன்னுரையும் ஆர்னே. மருத்துவ உலகம் கொதித்தது. இலக்கிய உரிமையைக் கவனித்துவந்த மகள் லிண்டா சம்மதித்திருந்தார். செக்ஸ்டன் கையெழுத்திட்ட சம்மதம் ஏதுமில்லை. பிறருக்கு உதவுமானால் பயன்படட்டும் என்பதே அவர் விருப்பம் என்று ஆர்ன் விளக்கம் சொன்னார்.

எங்களில் சிலர், கவிதைகளில் செக்ஸ்டன் மறைக்காதது என்ன இருக்கிறது, அந்த நூலால் நமக்குக் கிடைத்தது பெரிது என்கிறார்கள். நாங்கள் அனைவரும் அந்த நூலைப் படித்து லாபமடைந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கவிதையில் சொன்னது அவர் திருத்தித் திருத்தி எழுதி, தானே அச்சுக்குக் கொடுத்தது. நாடாவில் இருப்பது, தான் சொன்னதே நினைவில் தங்காத ஒருவர் பேசியது. பிறர் விருப்பத்தை நாம் எப்படி நம் எதிர்பார்ப்பால் நிரப்பிக்கொள்கிறோம் என்று உலகுக்குக் கற்பித்தவர், இறந்த ஒருவரின் விருப்பத்தைத் தன் நினைவிலிருந்து எடுத்துச் சாட்சி சொன்னார். அவர் வகுத்த விதிகளின்படியே அந்தச் சாட்சியை எந்த நீதிமன்றமும் அப்படியே ஏற்றிருக்காது.

இதனால் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. நீக்கினால், பொய் நினைவால் சிறை போகவிருந்தவர்களுக்காக அவர் செய்ததும் சேர்ந்து போகும். சொல்லாமல் விட்டால் பணஜியில் நடந்ததுதான் மறுபடி நடக்கும்: குருவுக்கு விரித்த கைகள், எதிரே பெயரில்லாத ஒரு பெண். எங்கள் பட்டியலில் ஹில்கார்டுக்கு அடுத்து ஆர்ன் இருக்கிறார். பாராட்டுரையில் 2000 தாள்களும் 6 பேரும் நீதிமன்றக் கூண்டும் வரட்டும். கூடவே 1991ம், அடுத்த அமர்வுக்கு வந்து ஒலிநாடாவைப் போட்டு, போன முறை தான் என்ன பேசினோம் என்று பென்சிலும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆன் செக்ஸ்டனும் வரட்டும்.